வியாசர்பாடிக்கு டிரான்ஸ்ஃபர்: வராத நன்றியை எங்கே போய்த் தேடுவது?

கேட்டவர் கோவைப் பையன், வயது 20. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இரண்டு வருட ஊழியத்தில் இருக்கிறார். (ஊரில் மார்மன் சபை என்பார்கள். முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018இல் அப்போதைய சபைத் தலைவர் நெல்சன் கேட்டுக்கொண்டார், ஆனாலும் பழைய பெயர் போகவில்லை.) பெங்களூரில் எட்டு மாதம் நன்றாகப் போயிருக்கிறது. போன மாதம் வடசென்னை வியாசர்பாடிக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, கொசு தூங்க விடவில்லை, கூடவே தங்கி ஊழியம் செய்யும் கம்பேனியன் தெலுங்கு மட்டும் பேசுகிறார், போகிற வீடுகளில் டீ வேண்டாம் என்றால் முகம் சுளிக்கிறார்கள். “எல்லாரும் நன்றியோடு இரு, நன்றியோடு இரு என்கிறார்கள். இந்த மாதிரி ஏரியாவில் இல்லாத நன்றியை நான் எங்கிருந்து கொண்டுவருவது?” என்று முடித்திருக்கிறார்.

தம்பி, இதற்குப் பதில் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பெரம்பூர்க்காரன். 1999இல் ஊழியத்துக்குப் போனேன். அப்போது இந்தியா முழுக்க ஒரே மிஷன்தான் (ஊழியக்காரர்களை நிர்வகிக்கும் வட்டாரம்), 1993இல் தொடங்கிய பெங்களூர் மிஷன். டில்லிக்குத் தனி மிஷன் 2007இல்தான் வந்தது. அதனால் ஒரு டிரான்ஸ்ஃபர் என்றால் நாட்டின் எந்த மூலைக்கும் தூக்கிப் போடலாம். என்னை விசாகப்பட்டினத்திலிருந்து டில்லிக்குப் போட்டார்கள், அதுவும் ஜனவரியில். ஸ்வெட்டர் என்று ஒன்று இருப்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. திரும்பி வந்த பிறகு இருபது வருடத்துக்கு மேலாக, வடசென்னைக்கு வரும் எல்டர்கள் (ஊழியத்துக்கு வரும் பையன்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போகிறார்கள். கை கழுவப் போனவர் ஐந்து நிமிடம் வராமலிருந்து, கண் சிவந்து திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேன். உங்கள் கதை புதிதில்லை.

நன்றி வரவில்லை என்பதைப் பாவம் போலச் சொல்லியிருக்கிறீர்கள். அது பாவம் இல்லை. தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரம் 18ஆம் வசனம் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும்: “எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்.” அந்த முதல் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். எல்லாவற்றிலேயும் என்றுதான் இருக்கிறது, எல்லாவற்றுக்காகவும் என்று இல்லை. தமிழ் வாத்தியார் பாஷையில் சொன்னால் ஏழாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை கிடையாது. கொசுவுக்காக நன்றி சொல்ல யாரும் கேட்கவில்லை. கொசு கடிக்கிற அந்த ராத்திரியில் இருந்துகொண்டே, வேறு எதற்காவது சொல்ல முடிகிறதா என்றுதான் கேள்வி. டில்லியில் இந்த ஒரு உருபு என்னைக் காப்பாற்றியது என்றால் நம்ப மாட்டீர்கள்.

நம் சபையின் வேதநூலான கோட்பாடும் உடன்படிக்கைகளும் 59ஆம் பாகத்திலும் எல்லாக் காரியங்களிலும் கர்த்தருக்கு நன்றி சொல் என்று வருகிறது. அது எப்போது, யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. 1831 ஆகஸ்ட் 7, மிசூரி. கேட்டவர்கள் நியூயார்க்கிலிருந்து ஒஹாயோ, ஒஹாயோவிலிருந்து மிசூரி என்று சில மாதத்துக்குள் இரண்டு தடவை வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள். அவர்களோடு வந்த பாலி நைட் என்கிற அம்மாவுக்கு வழியெல்லாம் உடம்பு முடியவில்லை. மகன் நடுவழியில் இறங்கி, தேவைப்பட்டால் ஆகட்டும் என்று சவப்பெட்டிக்குப் பலகை வாங்கி வைத்துக்கொண்டார். அந்த அம்மா புது மண்ணில் காலை வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அவரை அடக்கம் பண்ணிய அந்த நாட்களில்தான் நன்றி சொல்லச் சொல்லி வார்த்தை வந்தது. படகில் கூடவே வந்த பலகை அது. வசனத்தை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டும்போது அந்தப் பலகை நம் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு கதை, உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. மார்மன் புத்தகத்தில் வரும் நேபியின் வில் ஒடிந்த கதையைப் பத்து தடவையாவது பாடம் எடுத்திருப்பீர்கள். வனாந்தரத்தில் வில் ஒடிகிறது, சாப்பாடு இல்லை. அண்ணன்கள் லாமானும் லெமுவேலும் முறுமுறுக்கிறார்கள், அது வழக்கம்தான். ஆனால் தீர்க்கதரிசியான அப்பா லேகியே முறுமுறுத்தார் என்று எழுதியிருக்கிறது. நேபி மரத்தில் வேறு வில் செய்கிறான், எங்கே போவது என்று அப்பாவிடமே கேட்கிறான், மலைமேல் போய் வேட்டையாடிக் கொண்டுவருகிறான். எல்லாரும் தங்களைத் தாழ்த்தி நன்றி சொன்னதாக எழுதியிருப்பது அதற்கு அப்புறம்தான், சாப்பாட்டைக் கண்ணால் பார்த்த பிறகு. ஒடிந்த வில்லுக்கு யாரும் ஸ்தோத்திரம் சொன்னதாக இல்லை. பசித்தவர்கள் முதலில் புலம்பினார்கள், பிறகு வேலை பார்த்தார்கள், பிறகு சாப்பிட்டார்கள், நன்றி அதன் பின்னால் வந்தது. நீங்கள் இன்னும் வில் ஒடிந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். அங்கேயே நன்றி வரவேண்டும் என்று அவசரப்படுத்துகிறவர்கள் 1 நேபி பதினாறாம் அதிகாரத்தை முழுக்கப் படிக்காதவர்கள். (கொஞ்சம் காரமாகச் சொல்லிவிட்டேன், பரவாயில்லை.)

இப்போது டில்லி. அங்கே போன முதல் வாரமே ஒரு நோட்டு போட்டேன். தினமும் ஐந்து நன்றி எழுத வேண்டும் என்று எனக்கு நானே உத்தரவு. இன்றைய வெயிலுக்கு நன்றி. சாப்பாட்டுக்கு நன்றி. சுவிசேஷத்துக்கு நன்றி. மூன்றாவது வாரத்தில் பார்த்தால் மளிகைக் கடை பாக்கி எழுதுவது போல ஆகிவிட்டது. எழுதிய கையோடு படுக்கையில் விழுந்து பெரம்பூர் இட்லியை நினைத்துக்கொண்டிருப்பேன். 2020 நவம்பரில் தலைவர் நெல்சன் ஏழு நாள் நன்றியைப் பகிருங்கள் என்று உலகம் முழுக்கக் கேட்டபோது, அது நிறையப் பேருக்கு வேலை செய்ததை நானே பார்த்தேன். பட்டியல் தப்பு என்று சொல்லவில்லை. எனக்கு அது வேலை செய்யவில்லை, உங்களுக்கும் செய்யவில்லை என்றால் நோட்டை மூடி வைத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

என் கம்பேனியன் ராஜமுந்திரிக்காரர். எனக்கு அரைகுறைத் தெலுங்கு, அவருக்குத் தமிழ் சுத்தமாக வராது, இரண்டு பேருக்கும் இந்தி தகராறு. அறையில் ஒரு ஹீட்டர் ராடு, ஒரு இரும்பு பக்கெட். அவர் காலையில் எனக்கு முன்னாலேயே எழுந்து ராடைப் போட்டுவிடுவார். நான் எழுந்ததும் பக்கெட்டைக் காட்டுவார், நான் போய்க் குளித்துவிட்டு வருவேன். இப்படியே நாலு வாரம். ஒரு நாள் தூக்கம் வராமல் சீக்கிரமே முழித்துக்கொண்டேன். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம், கூடவே பல் தந்தியடிக்கும் சத்தம். ராடு வெளியே சுவரில் தொங்குகிறது, இன்னும் சொருகவே இல்லை. கரண்ட் அங்கே எப்போது போகும் என்று சொல்ல முடியாது, இரண்டு பக்கெட் சூடாகும்வரை அது தாங்காது. அதனால் மனுஷன் பச்சைத்தண்ணீரில் குளித்துவிட்டு, ஒரு பக்கெட் வெந்நீரை எனக்கென்று போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை நாளாக என்று கேட்டேன். “அவன்னீ ஒத்து” (அதெல்லாம் வேண்டாம்) என்று கையை ஆட்டிவிட்டு ஷூ பாலிஷ் போட உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு நோட்டில் எழுத எதுவும் தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் அப்பாதான். ரயில்பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.இல் ஃபிட்டர். சபையில் இல்லாதவர், பையன் சம்பளமில்லாமல் இரண்டு வருடம் எதற்குப் போகிறான் என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை. எங்கள் தெருவில் அடிபம்பில் தண்ணீர் வருவது விடியற்காலை நாலு மணிக்கு. நான் பள்ளிக்கூடம் போன வருடமெல்லாம், நான் எழுந்திருக்கும்போது டிரம் நிறைந்திருக்கும். யார் நிரப்பினார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த வாரம் பி-டே (துணி துவைக்க, கடிதம் எழுத என்று வாரத்தில் விடும் நாள்) அன்று ஒரு நீல இன்லேண்ட் லெட்டர் வாங்கி, நாலு மணிக்குத் தண்ணீர் பிடித்தீர்களே அப்பா, அதற்கு நன்றி என்று எழுதிப் போட்டேன். அப்போதெல்லாம் வீட்டுக்குப் போன் வருடத்துக்கு இரண்டே தடவை. வாரா வாரம் பேசலாம் என்று வந்தது 2019இல்தான். பத்து நாள் கழித்து அப்பாவிடமிருந்து பதில் வந்தது: “உடம்புக்கு என்ன? காய்ச்சலா? மறைக்காமல் எழுது. பணம் அனுப்பட்டுமா?”

நம் ஊர் இப்படித்தான். வீட்டு மனிதருக்கு நன்றி சொன்னால் ஏதோ கெட்ட சேதி என்று பயந்துவிடுவார்கள். சொல்ல வருவது இதுதான்: எனக்கு நன்றி மேலே பார்த்து வரவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் என்ன செய்தார் என்று பார்த்தபோது வந்தது. கடவுளிடம் போனது அதற்கு அப்புறம். அதனால் உங்களுக்கும் ஜெபத்தைவிட முதலில் தண்ணீரைப் பார்க்கச் சொல்கிறேன்.

தண்ணீர் என்று சும்மா சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், உங்களைப் போலவே புதிதாக வந்த இரண்டு எல்டர்களோடு வியாசர்பாடியில் ஒரு ஹவுசிங் போர்டு வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி. வீட்டில் ஒரு அக்கா மட்டும் இருந்ததால் உள்ளே போகவில்லை, விதி உங்களுக்குத் தெரியும், தாழ்வாரத்திலேயே நின்றோம். அக்கா டீ போட்டு எடுத்துவந்துவிட்டார். எல்டர்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அக்கா முகம் விழுந்துவிட்டது. “எங்க வூட்ல குடிக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அடியில் எத்தனை தலைமுறை அவமானம் இருக்கிறது என்று அந்த வெளியூர்ப் பையன்களுக்குச் சொல்லிப் புரியவைக்க நேரமில்லை. நான் குறுக்கே புகுந்து, “அக்கா, இவங்க சபையில டீ காபி யார் வூட்லயும் குடிக்கக்கூடாது, ஒரு சொம்பு தண்ணி குடுங்க” என்றேன். சொம்பில் தண்ணீர் வந்தது. மூன்று பேரும் வாய் வைக்காமல் தூக்கிக் குடித்தோம். அக்கா சிரித்துவிட்டார்.

இறங்கும்போது அந்த எல்டர்களுக்குப் படிக்கட்டைக் காட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர் சிந்திய ஈரம். வீட்டுக்குழாயில் வராத நாளில் லாரித் தண்ணீரைக் கீழே பிடித்து, பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். நாம் டீக்குப் பதிலாகச் சுலபமாக இருக்கட்டும் என்று கேட்ட தண்ணீர்தான் அந்த வீட்டில் ஆகக் கஷ்டப்பட்டு வந்த பொருள். அடுத்த வாரத்திலிருந்து அந்த இரண்டு பேரும் அந்தத் தெருவில் லாரி வரும் நேரத்துக்குப் போய்க் குடம் தூக்க ஆரம்பித்தார்கள். முதல் நாள் தோளில் வைத்துத் தூக்கி, சட்டை, டை, நெஞ்சில் குத்திய பெயர்ப்பலகை எல்லாம் நனைந்து, தெருப்பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் யாரும் அவர்களுக்கு டீ நீட்டியதில்லை. “அவங்களுக்குப் பாலு” என்று ஒரு கிழவி அடுத்த வீட்டுக்கும் சேர்த்து அறிவித்துவிட்டார்.

உங்கள் பக்கெட் தண்ணீர் பற்றி ஒரு தகவல்: வடசென்னைக்குக் குடிநீர் தரத்தான் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். 2010இல் திறந்தது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு. கோவையில் சிறுவாணி குடித்து வளர்ந்த நாக்குக்கு இது ஒத்துவராதுதான். அதில் உங்கள் தப்பும் இல்லை, எங்கள் தப்பும் இல்லை. கேன் தண்ணீர் வாங்குங்கள், வயிறு சரியாகும்.

அப்புறம், “இந்த மாதிரி ஏரியா” என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி உறுத்தியது. சினிமா பார்த்துவிட்டு வந்தால் வடசென்னை என்றால் அரிவாள்தான் தெரியும். நீங்கள் இருக்கும் பகுதியிலேயே பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன, விசாரித்துப் பாருங்கள். 1962இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964இல் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 50, 100 கியாத் நோட்டுகளும் செல்லாமல் போயின. தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்ததில் இன்றைக்கும் தெருவில் கிடைப்பது அத்தோ. நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து, பொரித்த வெங்காயம் போட்டு, கூடவே வாழைத்தண்டு சூப் தருவார்கள். ஒரு பி-டே சாயங்காலம் போய்ச் சாப்பிடுங்கள். தள்ளுவண்டிக்குப் பின்னால் வயதானவர் யாராவது உட்கார்ந்திருந்தால், “நீங்க எப்போ வந்தீங்க?” என்று கேளுங்கள். பிரசங்கம் வேண்டாம், பெயர்ப்பலகையைத் தடவிக் காட்ட வேண்டாம், கேட்க மட்டும் செய்யுங்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் டிரான்ஸ்ஃபரைப் பற்றி நாம் புலம்புவதை வைத்து அவர்கள் வாழ்க்கையைச் சின்னதாக்கச் சொல்லவில்லை, உங்கள் கஷ்டம் உங்களுக்குப் பெரிதுதான். ஆனால் இடம் மாறுவது எப்படி என்று கற்றுக்கொள்ள இந்த ஊரைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கஷ்டம்.

நம் சபைக்காரர் ஒருவரே இந்தக் கரையில் தவித்திருக்கிறார் தெரியுமா? ரிச்சர்ட் பாலன்டைன். 1849இல் சால்ட் லேக்கில் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். 1853இல் மதராஸ் வந்து சேர்ந்தார். அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலா படகில் அலையை வெட்டிக்கொண்டுதான் கரைக்கு வர வேண்டும். ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தார், ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மிகச் சிலர். அடுத்த வருடம் உடம்பு தளர்ந்து கப்பலேறிவிட்டார். கணக்குப் பார்த்தால் தோல்விதான். அவர் போன பிறகு இங்கே சபை வேர்பிடிக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. பீச் ஸ்டேஷன் பக்கம் போகும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும், ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கம்பேனியன் விஷயம். வாரத் திட்டமிடலின் கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்று இருக்கிறதே, அதை நிறையப் பேர் குறை சொல்லும் நேரமாக்கிவிடுகிறார்கள், அல்லது தாண்டிவிடுகிறார்கள். இந்த வாரம் அவர் செய்ததாக நீங்கள் கண்ணால் பார்த்த ஒரே ஒரு காரியத்தை மட்டும் சொல்லுங்கள். “நீங்க நல்லவர்” என்று பொதுவாகச் சொன்னால் காற்றில் போய்விடும். செவ்வாய்க்கிழமை கேஸ் தீர்ந்தபோது நீங்கள் போய் வரிசையில் நின்றீர்களே என்று சொல்லுங்கள். தெலுங்கில் சொல்லத் தெரியாவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள், வடசென்னையில் ரொம்ப நாள் தெலுங்கு மட்டும் பேசிக்கொண்டு இருக்க முடியாது, அவருக்கும் புரிய ஆரம்பித்திருக்கும். தெருவில் பாதிப் பாட்டிகளுக்குத் தெலுங்கு தெரியும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கு உயிர் வரும்.

இதெல்லாம் ஊர் ஏக்கத்துக்கும் சலிப்புக்கும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமே இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் அது வேறு. அதற்கு நன்றியை மருந்தாகப் பூசாதீர்கள். மிஷன் தலைவரிடமும் அவர் மனைவியிடமும் அன்றே சொல்லுங்கள், மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்வது அவர்கள் பொறுப்பு. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிலர் சிகிச்சைக்காகப் பாதியில் வீடு திரும்புகிறார்கள். அவர்களைப் பார்த்து உதடு பிதுக்குகிறவர்கள் எந்தச் சபையிலும் உண்டு, நம்மிலும் உண்டு. அப்படிப் பிதுக்குகிறவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

ஜெபத்தைப் பற்றி ஒன்று மட்டும். இன்றைக்கு ராத்திரி “இந்த நாளுக்காக நன்றி” என்று ஆரம்பிக்காதீர்கள். அது வாய் தானாகச் சொல்வது. முதலில் புலம்பிவிடுங்கள், லேகியே புலம்பியிருக்கிறார். கொசு, தண்ணீர், கோவை, அம்மா எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொல்லி முடித்த பிறகு அன்றைக்கு உங்களுக்காகக் கையை நீட்டிய ஒரு ஆளின் பெயர் ஞாபகம் வந்தால் அதைச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் ஆமென் சொல்லிவிட்டுத் தூங்குங்கள், நாளைக்குப் பார்க்கலாம்.

நாளைக் காலையில் உங்கள் மாடியில் யாராவது ஒரு அக்காவிடம் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டு வையுங்கள். குடத்தை மட்டும் தோளில் வைக்காதீர்கள், இடுப்பில்.